சொல்லக் கூசும் சந்தேகங்கள்: ஆசனவாய் உறவு பற்றித் தம்பதியருக்கு



குடும்ப நலக் கூட்டம் என்றால் காப்பர்-டி, மாத்திரை, நிரோத், ஆபரேஷன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "வேறு ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் கலைந்து, பாயைச் சுருட்டி வைக்கும் நேரத்தில்தான் ஒருவர் திண்ணை ஓரமாக வந்து நிற்பார். "ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பார். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளில் ஒரு வகையைப் பற்றியதே இந்தப் பிரசுரம். மலம் கழிக்கும் வழியில், அதாவது ஆசனவாய் வழியாக, கணவன் மனைவி உறவு கொள்வதைப் பற்றி இங்கே பேசப் போகிறோம்.

படிக்கும்போதே சிலருக்கு முகம் சுளிக்கும். இதைச் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாரும் செய்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் செய்கிறவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். செல்போன் கைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சு கூடியும் இருக்கிறது. விஷயம் தெரியாமல் உடம்பைக் கெடுத்துக் கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதனால் கூச்சத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு துணை சுகாதார நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண், எட்டு மாதமாக மூலச்சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டார். கருணைக் கிழங்கு சமைத்துச் சாப்பிட்டார். மிளகாயை விட்டார். பஸ் நிலையத்துப் பக்கம் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று போர்டு மாட்டிய ஓர் இடத்திற்குப் போய் ஆயிரக்கணக்கில் பணமும் கொடுத்தார். வலி நிற்கவில்லை. மலம் கழிக்கப் போகும்போதெல்லாம் கண்ணாடிச் சில்லால் கீறுவது போல் இருக்கிறது, அதற்குப் பயந்தே பாதி நாள் சாப்பிடுவதில்லை என்றார். செவிலியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "ஏம்மா, வீட்டுக்காரர் அந்தப் பக்கமா வர்றாரா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அழுதுவிட்டார். மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பு.

மறுவாரம் கணவரையும் வரச் சொன்னோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் திகைத்துப் போய், "அவ ஒண்ணும் சொல்லலையே!" என்றார். அந்த அம்மாளோ, "சொன்னா கோவிச்சுக்குவாங்களோன்னு இருந்தேன்" என்றார். ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர் எட்டு மாதமாக இப்படி இருந்திருக்கிறார்கள்.

"முதலில் வலிக்கும், அப்புறம் பழகிவிடும்"

இதுதான் அதிகத் தீங்கு செய்யும் எண்ணம். ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆசனவாயைச் சுற்றி வளையம் போல இரண்டு தசைகள் இருக்கின்றன. வெளி வளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். அவசரம் வரும்போது அடக்கிக் கொள்கிறோமே, அது இந்தத் தசையால்தான். உள் வளையம் நம் பேச்சைக் கேட்காது. அது தானாகவே இறுகியிருக்கும், தானாகவே தளரும். பயமோ வலியோ வந்தால் மேலும் இறுகும். மனைவி பயந்து உடம்பை விறைத்துக் கொண்டிருக்கும்போது "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்வதால் அந்த உள் தசை தளராது. அந்த நேரத்தில் வலுவாக நுழைந்தால் கிழியத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. பெண்ணுறுப்பின் உட்புறத் தோல் பல அடுக்குகள் கொண்டது. விருப்பம் வரும்போது அதில் ஈரமும் சுரக்கும். பிள்ளை பெறுவதற்கென்றே விரிந்து கொடுக்கும் உறுப்பு அது. மலக்குடலின் உட்தோலோ மிக மெல்லியது, ஒரே அடுக்கு. உறவுக்கு வேண்டிய வழுவழுப்பு அங்கே தானாகச் சுரப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தவறு ஆரம்பிக்கிறது.

வலி என்பது "நிறுத்து" என்று உடம்பு சொல்வது. சொன்னவுடன் நிறுத்த வேண்டும். செல்போன் படங்களில் வருகிறவர்களைப் பார்த்துவிட்டு "அவளுக்கு வலிக்கலையே" என்று கேட்கும் வாலிபர்கள் உண்டு. அது பணத்துக்காக எடுக்கப்படும் படம். அதில் முன் ஏற்பாடு எதையும் காட்டமாட்டார்கள், வெட்டி ஒட்டியதையும் சொல்லமாட்டார்கள். சினிமாவில் கதாநாயகன் பத்துப் பேரை அடிப்பதைப் பார்த்து நாம் சண்டைக்குப் போவதில்லை அல்லவா?

மயக்க மருந்துக் களிம்பு தடவிக் கொண்டு செய்யலாம் என்றும் சிலர் மருந்துக் கடையில் கேட்கிறார்களாம். கூடவே கூடாது. வலி தெரியாமல் போனால் கிழிவதும் தெரியாமல் போகும்.

"பெண்களுக்கு இதில்தான் சுகம்"

சில பெண்களுக்குப் பிடிக்கிறது என்பது உண்மை. அந்தப் பகுதியில் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. பலருக்குப் பிடிப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. பெண்ணின் உடம்பில் சுகத்துக்கென்றே அமைந்த பாகம் வேறு இருக்கிறது: பெண்ணுறுப்பின் மேல்நுனியில், சிறுநீர் வரும் வழிக்கும் மேலே, பட்டாணி போன்ற ஒரு சிறு மொட்டு. கல்யாணமாகி இருபது வருடம் ஆன ஆண்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாது. மனைவிக்கு உறவில் விருப்பமில்லை, ஆகவே புது வழி தேடுகிறேன் என்று சொல்கிற கணவர், முதலில் அவசரப்படாமல் இருந்து, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

ஆண்கள் ரகசியமாகக் கேட்பது வேறு. "அந்த இடத்துல தொட்டா எனக்கு நல்லா இருக்கு. எனக்கு ஆண்மையில ஏதும் கோளாறா?" கோளாறு இல்லை. ஆண்களுக்கு மலக்குடலுக்கு முன்பக்கமாக, உள்ளே, புராஸ்டேட் என்னும் சுரப்பி பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. விந்தோடு சேரும் நீரின் ஒரு பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அதன் அருகே அழுத்தம் பட்டால் சிலருக்கு இன்பமாக இருக்கும். இது உடல் அமைப்பு. ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "ஆண்மைக் குறைவு" என்று சொல்லி லேகியம் விற்பவர்களிடம் இதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

ஆனால் கேரட், பாட்டில், குச்சி என்று எந்தப் பொருளையும் ஆசனவாயில் நுழைக்காதீர்கள். பெண்ணுறுப்புக்கு உள்ளே ஒரு முடிவு உண்டு. மலக்குடல் அப்படியே பெருங்குடலோடு போய்ச் சேர்கிறது. மேலே ஏறிவிட்ட பொருளை எடுக்க ஆபரேஷன் வரை போக வேண்டி வரும்.

"பிள்ளை தங்காது, அதனால் இதுவும் ஒரு குடும்பக் கட்டுப்பாடுதானே?"

மலக்குடலுக்கும் கர்ப்பப்பைக்கும் வழி இல்லை. அங்கே விழும் விந்தால் நேராகக் கர்ப்பம் உண்டாகாது. அதுவரை சரி. ஆனால் இரண்டு வாசல்களுக்கும் நடுவே இருப்பது இரண்டு விரல்கடை தூரம்தான். வெளியே வழியும் விந்து பெண்ணுறுப்பின் வாயில் பட்டால் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு.

இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு விஷயம் புரியும். பிள்ளை பெற்று இரண்டு மாதம் கூட ஆகாதவர்கள், அடுத்த பிள்ளைக்குப் பயப்படுகிறவர்கள், காப்பர்-டி கர்ப்பப்பையைத் துளைத்து நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று யாரோ சொன்னதை நம்புகிறவர்கள். அதாவது ஆசைக்காக இல்லாமல், பயத்துக்காக இந்த வழிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வது, அந்தப் பயத்துக்கு நல்ல வழிகள் இருக்கின்றன என்பதுதான். காப்பர்-டி 380ஏ 10 ஆண்டு வரை காக்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுக் கொள்ளலாம். அது நெஞ்சுக்கு ஏறாது. 2017-ஆம் ஆண்டு முதல் அரசுத் திட்டத்தில் அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. சாயா முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். எல்லாம் இலவசம்.

பிரசவத்தில் தையல் போட்ட பெண்ணிடம், "முன்னால வேண்டாம், பின்னால" என்று போவது மிகவும் ஆபத்து. தையல் போட்ட இடம் ஆசனவாய்க்கு அருகில்தான் இருக்கிறது. ஆறு வாரம் பொறுங்கள். அந்த ஆறு வாரமும் அவர் தூக்கமின்றிப் பால் கொடுத்துக் கொண்டிருக்கிறார் என்பதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

எய்ட்ஸ் பற்றி இரண்டு விதமான தவறு

"இந்த வழியில் போனாலே எய்ட்ஸ் வரும்" என்பார் ஒருவர். "இந்த வழியில் போனால் எய்ட்ஸ் வராது, அது முன்வழியில்தான்" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, சென்னையில். அன்றிலிருந்து நாங்கள் சொல்லி வருவது ஒன்றுதான்: கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வர வேண்டும், செய்கையிலிருந்து தானாக முளைக்காது. இருவருக்கும் தொற்று இல்லையென்றால் எந்த வழியிலும் எச்.ஐ.வி. வராது.

ஆனால் ஒருவருக்குத் தொற்று இருந்து, சிகிச்சையும் எடுக்காமல், உறையும் போடாமல் இருந்தால், ஆசனவாய் உறவுதான் மற்ற எல்லா உறவு முறைகளையும் விட அதிக ஆபத்தானது. மருத்துவ ஆராய்ச்சிக் கணக்குப்படி, இப்படிப்பட்ட 10,000 உறவுகளில் பெண்ணுறுப்பு வழியாகப் பெறுபவருக்குத் தொற்றுவது சுமார் 8 முறை. ஆசனவாய் வழியாகப் பெறுபவருக்குச் சுமார் 138 முறை. அந்த ஒரே அடுக்குத் தோல்தான் காரணம். வெளியூர் வேலைக்குப் போய் வருகிறவர்கள், வேறு தொடர்பு ஏதும் ஏற்பட்டிருந்தால், வீட்டுக்கு வந்ததும் முதலில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனைவியிடம் சொல்லத் தைரியம் இல்லாவிட்டாலும் உறை போடவாவது தைரியம் வேண்டும். தொற்று இருப்பவர் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதில்லை என்பதும் இன்று தெரிந்த உண்மை. மேகவெட்டை, கிரந்தி, மருக்கள், மஞ்சள் காமாலை பி போன்றவையும் இந்த வழியில் பரவும்.

தேங்காய் எண்ணெய்

இருவரும் மனமொத்து விரும்புகிறார்கள் என்றால், அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் எண்ணெயைப் பற்றியது. நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய்தான். அவை உடம்புக்குக் கெடுதி இல்லை. ஆனால் நிரோத் ரப்பரால் ஆனது. எண்ணெய், வாசலின், நெய், முகத்துக்குப் பூசும் கிரீம் எது பட்டாலும் சில நிமிடங்களில் அந்த ரப்பர் நைந்து கிழிந்துவிடும். "நிரோத் போட்டும் கிழிஞ்சிடுச்சு, கவர்மெண்ட் சரக்கு சரியில்லை" என்று வந்து சண்டை போட்டவரிடம் விசாரித்தால், பாதிப் பேர் எண்ணெய் தடவியிருப்பார்கள். தண்ணீரில் கரையும் ஜெல்லி மருந்துக் கடையில் கிடைக்கும், அதுதான் ஏற்றது. எச்சில் போதாது, சீக்கிரம் உலர்ந்துவிடும்.

ஆசனவாயிலிருந்து எடுத்ததை அப்படியே பெண்ணுறுப்பில் நுழைக்கவே கூடாது. மலக்கிருமிகள் அங்கே போனால் வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, கர்ப்பப்பை வரை புண் என்று போய்விடும். உறையை மாற்ற வேண்டும்; கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்காக உள்ளே டெட்டால், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் ஏற்றிக் கழுவுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்த மெல்லிய தோல் வெந்து போகும். மலம் கழித்தபின் வெளியே நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். மூலம், வெடிப்பு, வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் இந்தப் பேச்சே வேண்டாம்.

"இதனால மூலம் வருமா?" என்று கேட்பார்கள். மூலத்துக்கு முக்கியக் காரணம் மலச்சிக்கலும் முக்குவதும் கர்ப்ப காலமும்தான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் மூலம் இதனால் மோசமாகும். மலம் அடக்க முடியாமல் போகுமா என்றால், வலுக்கட்டாயமாக நடந்து தசை கிழிந்தால் அப்படியும் ஆகலாம்.

"கட்டினவன் கேட்டா மறுக்கலாமா?"

மறுக்கலாம். தாலி கட்டியது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சரி சொன்னதாகாது. நேற்றுச் சம்மதித்தவர் இன்று வேண்டாம் என்று சொல்லலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். வாய் திறந்து சொல்லாமல் முகத்தைத் திருப்பிக் கொண்டு படுத்திருப்பது சம்மதம் இல்லை. மேலே சொன்ன கணவர் அதைத்தான் தவறாகப் புரிந்துகொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்கிறார்கள். 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுப்படி, கணவன் மனைவிக்குள் மனமொத்து நடந்தாலும் இது குற்றமாகக் கொள்ளப்படக் கூடியதாக இருந்தது. வயது வந்த இருவர் தனிமையில் மனமொத்துச் செய்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனமொப்பாமல் கட்டாயப்படுத்துவது வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், மனைவி மீது நடக்கும் பாலியல் கொடுமையும் வன்முறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் பேசலாம்; மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

காயம் பட்டுவிட்டால்

மலம் கழிக்கும்போது கீறுவது போன்ற வலியும், காகிதத்தில் அல்லது மலத்தின் மேல் கோடு போலச் சிவப்பு இரத்தமும் இருந்தால் பெரும்பாலும் வெடிப்பு. மூலத்தில் இரத்தம் போனாலும் வலி அவ்வளவாக இருக்காது. வெடிப்பு ஆறும் வரை அந்த வழியில் உறவு கூடாது. ஒரு அகன்ற பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, காலையிலும் மாலையிலும் மலம் கழித்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் அதில் உட்கார வேண்டும். கீரை, கொய்யா, வாழைப்பழம், கம்பு, கேழ்வரகு என்று நார்ச்சத்துள்ள உணவும், நிறையத் தண்ணீரும் வேண்டும். பெரும்பாலானவை சில வாரங்களில் ஆறிவிடும். அந்த அம்மாளுக்கும் ஆறியது.

இரத்தம் நிற்காமல் போனாலும், காய்ச்சல், அடிவயிற்று வலி, சீழ் இருந்தாலும் ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போர்டு மாட்டியவர்கள் ஊசி போட்டும் காரமான மருந்து வைத்தும் சுட்டுவிடுவதால் தசையே பழுதானவர்கள் இருக்கிறார்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால், அரசு ஆஸ்பத்திரியிலேயே பட்டம் பெற்ற சித்த மருத்துவர் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்யப்படுகிறது. விவரம் ரகசியமாக வைக்கப்படும். தொற்று உள்ளவரோடு உறை இல்லாமல் உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் போனால் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 1097 என்ற எண்ணில் பேர் சொல்லாமலே விவரம் கேட்கலாம்.

செவிலியரிடம் என்னவென்று சொல்வது என்று தெரியாமல் பலர் வாசல் வரை வந்து திரும்பி விடுகிறார்கள். "சிஸ்டர், பின்பக்கம் காயம், தனியா பேசணும்" என்று மட்டும் சொன்னால் போதும். மற்றதை அவர் கேட்டுக் கொள்வார். கணவர் வந்து கேட்க விரும்பினால் ஆண் சுகாதார ஆய்வாளரிடம் கேட்கலாம். நிரோத் பெட்டி துணை சுகாதார நிலையத்தில் வாசலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. எத்தனை எடுத்தீர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை.